கலங்கல் காட்டும் திசை

சென்னைக்கு மேற்கே, பாடியில் தொடங்கி அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம் என்று ஒரு கிளையாகவும், மதுரவாயல், திருவேற்காடு, பூந்தமல்லி என்று மற்றொரு கிளையாகவும் விரிந்து கிடக்கும் நிலப்பகுதியை இன்றைய வழக்கு ‘மேற்குப் புறநகர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. புறநகர் என்னும் சொல் ஓர் ஊரை அதன் மண்ணாலோ நீராலோ மக்களாலோ அடையாளம் காட்டுவதில்லை. நகரத்திலிருந்து அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. ஆனால் காலத்தால் பார்க்கும்போது இந்த உறவு தலைகீழாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கடற்கரையில் ஒரு மணல்திட்டைக் கேட்டுப் பெற்ற 1639ஆம் ஆண்டில், அப்பகுதிக்கு உரியவராக இருந்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரின் சகோதரர் ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துகொண்டுதான் கடலோர ஊர்களின் நிர்வாகத்தைக் கவனித்து வந்தார். புனித ஜார்ஜ் கோட்டை எழும்புவதற்கு முன், அந்த மணல்வெளியே பூந்தமல்லியின் புறப்பகுதியாக இருந்தது.

ஒரு வட்டாரத்தை எழுத்தில் கொண்டுவரத் தமிழில் பல வடிவங்கள் இருந்துள்ளன. தலபுராணம் கோயிலை மையமாக வைத்து ஊரைச் சொன்னது. சதகம் ஒரு மண்டலத்து வள்ளல்களையும் பெருமைகளையும் நூறு பாடல்களில் தொகுத்தது. கல்வெட்டு தானத்தையும் நில எல்லையையும் பதிந்தது. ஆங்கில ஆட்சிக்கால மாவட்டக் கையேடு, 1879இல் குரோல் எழுதிய செங்கல்பட்டுக் கையேட்டைப் போல, வரியையும் விளைச்சலையும் எண்ணிக் கணக்கு வைத்தது. இவை ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய கேள்வியை மட்டுமே கேட்டன. பாறையையும் பாசனத்தையும் பாடலையும் பேருந்து நிறுத்தத்தையும் ஒரே பார்வையில் சேர்த்துப் பார்க்க இடம் தருவது கட்டுரை என்ற உரைநடை வடிவமே. ரா.பி. சேதுப்பிள்ளை 1946இல் ‘தமிழகம் ஊரும் பேரும்’ நூலை எழுதியபோது, ஓர் ஊர்ப் பெயருக்குள் நிலமும் வரலாறும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காட்டினார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு அத்தகைய எழுத்து மிகவும் தேவைப்படுகிறது. ஏனெனில் இங்கே பெயர் மட்டும் எஞ்சி, பெயர் குறித்த பொருள் கண்ணெதிரே மறைந்துகொண்டிருக்கிறது.

இந்த நிலத்தில் கண்ணைக் கவரும் மலை இல்லை, பேராறு இல்லை. தரை மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மிக மெதுவாகச் சரிகிறது. நடந்து செல்பவரின் காலுக்குத் தெரியாத அந்தச் சரிவு நீருக்குத் தெரியும். ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரையிலான பகுதியின் அடியில் புவியியலார் ‘ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகள்’ என்று அழைக்கும் களிப்பாறை, மணற்பாறை அடுக்குகள் உள்ளன. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தின் முற்பகுதியில் படிந்த இந்த அடுக்குகளில் டைலோஃபில்லம் என்னும், சைக்கஸ் செடியின் ஓலையை ஒத்த, அற்றுப்போன தாவரத்தின் இலைகள் கல்லில் அச்சாகப் பதிந்துள்ளன. அவற்றுக்கு மேலே சரளையும், இரும்புச் சத்தால் சிவந்து இறுகிய செம்பூரான் கல்லும் பரவியுள்ளன. செங்குன்றம் என்ற ஊர் தன் பெயரைப் பெற்றது இந்தச் செம்மண் மேட்டால்தான். இந்தச் சரளைப் படுகைகள் மனித வரலாற்றின் மிகப் பழைய சான்றுகளையும் தம்முள் வைத்திருந்தன. புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து, ஆவடிக்கு வடமேற்கே கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். தொல்லியலாளர் சாந்தி பப்பு தலைமையிலான குழு அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று நிறுவியது. குவார்ட்சைட் கூழாங்கல்லைத் தட்டிக் கூராக்கிய அந்தக் கைகள் நவீன மனிதனின் கைகள்கூட அல்ல. புதிய குடியிருப்பு என்று எண்ணப்படும் நிலத்துக்கு அண்டையில் இவ்வளவு நீண்ட குடியிருப்பு வரலாறு உள்ளது.

ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் பகுதி இது. அந்த மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், அதுவும் சில நாட்களில், கொட்டித் தீர்ந்துவிடும். மெல்லிய சரிவும் குறுகிய மழைக்காலமும் கொண்ட நிலத்தில் வாழ முடிவு செய்த மக்கள் கண்ட விடை ஏரி. ஏரி என்பது தானாக அமைந்த பள்ளம் என்ற எண்ணம் நகரத்தில் பரவலாக உள்ளது, அது தவறு. சரிவின் குறுக்கே பிறை வடிவில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி, மேட்டுப் பக்கத்தைத் திறந்தபடி விட்டுவிட்டால், வரும் நீர் கரையில் மோதித் தேங்கும். கரையின் அடியில் அமைத்த மதகு வழியாக வயலுக்கு நீர் போகும். அவ்வயல்களின் மொத்தப் பரப்பை ஆயக்கட்டு என்பர். ஏரி நிரம்பியபின் மிஞ்சும் நீர் கரையை உடைக்காமல் வெளியேற, கரையின் ஓரத்தில் கல்லால் கட்டிய தாழ்ந்த பகுதிக்குக் கலங்கல் என்று பெயர். மழைக்காலத்தின் கடைசியில், கலங்கலின் மேல் வரிசையாக நட்ட கற்களின் இடைவெளியில் மண்ணையும் புல்லையும் அடைத்து, ஓர் அடியோ இரண்டு அடியோ நீரைக் கூடுதலாகத் தேக்கிக்கொள்வது வழக்கம். அந்த அடைப்பை எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்பதில் மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் ஓயாத வழக்கு இருந்தது. மேல் ஊர்க் கலங்கலில் வழிந்த நீர்தான் கீழ் ஊரின் ஏரிக்கு வரவு.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், கொரட்டூர் ஏரி நிரம்பினால் மாதவரத்துக்கு அருகிலுள்ள இரட்டை ஏரிக்கும் நீர் செல்லும். ‘ரெட்டேரி’ என்று மக்கள் சொல்லும் அந்த மூன்றாவது ஏரியோடு சேர்த்து இம்மூன்றும் ஒரே சங்கிலி. இத்தகைய சங்கிலிகள் பல இந்தச் சமவெளியில் ஒன்றுக்கொன்று இணையாகவும் குறுக்காகவும் ஓடின. திருவேற்காட்டையும் மதுரவாயலையும் தொட்டுச் செல்லும் கூவம் ஆறுகூட, கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றிலிருந்து பிரிந்து, வழியெங்கும் ஏரிகளின் உபரியை வாங்கிக்கொண்டு வரும் ஆறே. நிலத்தை ஊர்களாகப் பிரித்தவை எல்லைக் கற்கள் என்றால், ஊர்களை ஒரே வட்டாரமாகப் பிணைத்தவை கலங்கல்கள். எனவே இப்பகுதியின் வரலாற்றைப் படிக்க விரும்புபவர் சாலைகளின் வரைபடத்தைக் கையில் எடுப்பதைவிடக் கலங்கலில் நின்று நீர் எத்திசையில் போகிறது என்று பார்ப்பது நல்லது.

அந்தப் பிணைப்பைக் காக்கும் நிர்வாகமும் இங்கே இருந்தது. இவ்வட்டாரம் அடங்கிய தொண்டை மண்டலத்தைச் சேர்ந்த உத்தரமேரூரில், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரியைப் பராமரிக்க ‘ஏரி வாரியம்’ என்ற தனிக் குழு குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டதைச் சொல்கின்றன. எட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்த ஏற்பாட்டின் சாரம் அழியவில்லை என்பதற்கு மற்றொரு ஆவணம் உள்ளது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி 1763இல் கம்பெனிக்கு வழங்கிய ஜாகீர், அதாவது வருவாய் உரிமையோடு கூடிய நிலப்பகுதி, பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டமானது. பூந்தமல்லிச் சீமையும் அதில் அடங்கும். தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை இந்த ஜாகீரின் சுமார் 2,000 ஊர்களை அளந்து, ஒவ்வோர் ஊரின் நஞ்சை, புஞ்சை, காடு, ஏரி, வீடுகள், குடிகள், விளைச்சல் ஆகியவற்றைப் பதிவுசெய்தார். களத்து மேட்டில் நெல்லை அளக்கும்போது அரசுக்கும் உழவருக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பே கோயிலுக்கும், ஏரிப் பராமரிப்புக்கும், கணக்கருக்கும், தச்சருக்கும், கொல்லருக்கும், வெட்டியானுக்கும் உரிய அளவு தனித்தனியே ஒதுக்கப்பட்ட முறையை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. ஏரிக்கு ஒரு பங்கு என்பது தானமாகவோ சலுகையாகவோ கொடுக்கப்படவில்லை. விளைச்சலின் மேல் ஏரிக்கு இருந்த உரிமையாக அது கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் வரலாற்றாய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களின் அருமையை எடுத்துரைத்தார், ஜே.கே. பஜாஜும் எம்.டி. ஸ்ரீனிவாஸும் சென்னையிலிருந்து அவற்றை விரிவாக ஆராய்ந்தனர். அந்த ஆய்வுகள் இந்த ஊர்களின் பள்ளிப் பாடத்துக்குள் வராதது பெரிய இழப்பு.

ஏரிகளுக்கு முன்னர் இங்கே என்ன இருந்தது என்ற கேள்விக்கு ஊர்ப் பெயர்களே முதல் விடையைத் தருகின்றன. வேலமரக் காடாக இருந்தது வேற்காடு. மாமரக் காடு மாங்காடு. ஆலமரக் காடு ஆலங்காடு. முல்லைக் கொடி மண்டிய வாயில் முல்லைவாயில். பூவிருந்தவல்லி என்ற பெயரே பேச்சில் சுருங்கிப் பூந்தமல்லியானது; அங்கே பிறந்த திருக்கச்சி நம்பி, பின்னர் இராமாநுசருக்கு வழிகாட்டிய வைணவப் பெரியார், தம் தோட்டத்துப் பூவைக் காஞ்சி வரதருக்குக் கொண்டுசென்று சாத்தினார் என்பது மரபு. சோழமண்டலக் கடற்கரையின் இயற்கைத் தாவரம் என்று தாவரவியலார் சொல்லும் வறண்ட பசுமைமாறாக் காடு, அதாவது உயரம் குறைந்த, முள்ளும் கொடியும் நெருங்கிய, கோடையிலும் இலை உதிர்க்காத காடு, ஒரு காலத்தில் இச்சமவெளியை மூடியிருந்தது. அதன் மிச்சங்கள் இப்போது கோயில் தோப்புகளிலும் ஒதுக்கமான சில இடங்களிலும் மட்டுமே உள்ளன.

இந்தக் காடு வயலாக மாறிய நிகழ்வைத் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் கதை வேறெந்த ஆவணத்தையும்விடத் தெளிவாகச் சொல்கிறது. புழலில் கோட்டை கட்டி ஆண்ட ஓணன், காந்தன் என்னும் குறும்பர் தலைவர்களோடு போரிட வந்த தொண்டை நாட்டு மன்னன் தொண்டைமான் முதலில் தோற்றுத் திரும்புகிறான். வழியில் அவன் யானையின் கால்களை முல்லைக் கொடி சுற்றிக்கொள்ள, யானைமீதிருந்தபடியே வாளால் கொடியை வெட்டுகிறான். வெட்டுப்பட்ட இடத்தில் குருதி பெருகுகிறது. இறங்கிப் பார்த்தால் கொடிக்கடியில் லிங்கம். தன் பிழைக்கு வருந்திய மன்னனுக்கு இறைவன் அருள்செய்து நந்தியைத் துணைக்கு அனுப்ப, இரண்டாம் முறை குறும்பர் வீழ்கின்றனர். போருக்குப் புறப்பட்ட கோலத்தில் இருப்பதால், இக்கோயிலின் நந்தி மற்றச் சிவன் கோயில்களில் உள்ளதுபோல் மூலவரைப் பார்க்காமல், அவருக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி அமர்ந்திருக்கிறது. குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்று சொல்லப்படும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் கருவறைக்கு முன் நிற்கின்றன. எருக்கு சாலையோரப் புதர். அதன் தண்டு மென்மையானது, உள்ளே வலுவான வைரம் கிடையாது, ஒடித்தால் பால் வடியும். அப்படிப்பட்ட செடி தூணாகும் அளவுக்குத் தடித்திருந்ததென்றால், அதை எவரும் வெட்டாமல் எத்தனை தலைமுறை விட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம், பூணிட்ட அந்தத் தூண்களை அருகில் நின்று பார்க்கும் எவருக்கும் எழும்.

தொண்டைமானின் யானையை முல்லைக் கொடி தடுத்த செய்தி எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுந்தரரின் தேவாரத்திலேயே இடம்பெறுவதால், கதையின் கரு அதற்கும் முந்தியது. சங்க இலக்கியத் திணைப் பகுப்பில் முல்லை என்பது காடும் காடு சார்ந்த நிலமும். அங்குள்ளோர் ஆடு மாடு மேய்ப்பவர்கள். மருதம் என்பது நீர் தேங்கும் வயல்நிலம், அங்குள்ளோர் உழவர்கள். குறும்பர் மேய்ச்சல் குடியினர். குறும்பாடு என்ற சொல்லோடு அவர்கள் பெயரைத் தொடர்புபடுத்துவாரும் உளர். அவ்வாறெனில், யானையில் வந்த அரசன் வாளால் முல்லையை வெட்டிய கதை, மேய்ச்சல் காட்டை அழித்து ஏரியும் வயலும் கொண்ட நாடாக்கிய நெடிய செயலின் சுருக்கம் என்று படிக்க இடமுண்டு. இதில் கவனத்துக்குரியது, வென்றவர் எழுதிய கதையே வெட்டுப்பட்ட கொடியிலிருந்து குருதி வந்ததாகச் சொல்வதுதான். காட்டை வெட்டுவது ஓர் உயிரை வெட்டுவது என்ற குற்ற உணர்வை அந்தச் சமூகம் மறைக்கவில்லை. அதைக் கருவறைக்குள்ளேயே வைத்து, வெட்டுக்காயம் ஆறச் சந்தனம் சாத்தி வழிபட்டது. குறும்பரின் புழல் பின்னாளில் ஏரியாகி, 1872 முதல் சென்னைக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கமானது.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த ஏரிகளின் இடையே அமைத்த பாதையில்தான் சென்றது. பூந்தமல்லியில் ஆங்கிலப் படையின் முகாமும், ஆவடியில் இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் படைத்தளமும் அமைந்தன. ஆயினும் நிலத்தின் தன்மையையே மாற்றியது விடுதலைக்குப் பின் வந்த இருபது ஆண்டுகள். முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரில் தோன்றியது. 1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, நாட்டில் சோஷலிச பாணிச் சமுதாயம் அமைய வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் பிறந்த ஊரிலேயே 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கியது. தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்த ஐ.டி.ஐ. படித்த இளைஞர்களுக்கும், லேத்துப் பட்டறை வைத்த சிறு முதலாளிகளுக்கும் அம்பத்தூர் எஸ்டேட் என்ற பெயர் வாழ்வின் தொடக்கமாக அமைந்தது. தமிழகத்தின் நடுத்தர வர்க்கத்தில் கணிசமான பகுதி இங்கே இரவு ஷிப்ட் பார்த்து உருவானது. இந்த உழைப்பின் வரலாறு முல்லைவாயில் கதைக்குச் சற்றும் குறைந்த மதிப்புடையதன்று.

பாடி பிரிட்டானியா, டன்லப், வாவின் என்று ஆலைகளின் பெயர்கள் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களாயின. ஆலங்காடும் வேற்காடும் தம் மரங்களை இழந்து பெயரை வைத்துக்கொண்டதுபோல, டன்லப் ஆலை நின்ற பின்பும் அந்தப் பெயர் நிற்கிறது. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. பாசனத்துக்குப் பயன்படாத ஏரி, அரசுக் கணக்கில் மனைக்கு ஏற்ற புறம்போக்காகத் தெரிந்தது. முகப்பேரில் ஏரி இருந்த இடத்தில் எழுந்த குடியிருப்பு ‘முகப்பேர் ஏரித் திட்டம்’ என்ற பெயரைப் பெற்றது. ஏரியை நீக்கிய திட்டம் ஏரியின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அங்கு வளரும் குழந்தைகள் அந்தப் பெயரை ஒரு நாளைக்குப் பலமுறை உச்சரிக்கிறார்கள். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. நிர்வாக எல்லைகள் மாறினாலும் சரிவு மாறவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் பட்டரவாக்கமும் கொரட்டூரும் நீரில் நின்றன. இயந்திரங்கள் மூழ்கிய பட்டறைகளைச் சிறு முதலாளிகள் கடன் வாங்கி மீட்டனர். அதற்கு முன் 2015 டிசம்பரில், பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்த நீர் அடையாற்றின் கரைகளை என்ன செய்தது என்பதை ஊர் அறியும்.

கொரட்டூரில் குடியிருப்போர் ஒன்றுகூடி ‘கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம்’ அமைத்து, ஏரிக்குள் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றிருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் அந்த ஏரியில் பாசனம் செய்த குடும்பத்தினர் அல்லர். வேலைக்காகவும் வீட்டுக்காகவும் வந்து சேர்ந்தவர்கள். வந்தேறிகள் ஒரு நிலத்தைத் தம் ஊராக்கிக்கொள்வது மனைப்பட்டாவால் நிறைவேறுவதில்லை, அதன் நீருக்குப் பொறுப்பேற்பதால்தான் நிறைவேறுகிறது என்பதை அவர்கள் செயலில் காட்டியுள்ளனர். களத்து மேட்டில் ஏரிக்குப் பங்கு ஒதுக்கிய பழைய வழக்கத்தின் தொடர்ச்சியாகவே இவர்களின் உழைப்பை வரலாறு கணக்கில் கொள்ள வேண்டும்.

அம்பத்தூர், கொரட்டூர், அயனம்பாக்கம், பருத்திப்பட்டு ஏரிகளின் நீரைக் கொண்டு நெல் நட்ட தலைமுறை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. எந்த மதகுக்கு என்ன பெயர், எந்தக் கால்வாய் எந்தத் தெருவின் அடியில் போகிறது, கலங்கலில் நீர் வழிந்த ஆண்டுகள் எவை என்பவை அந்த முதியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. பர்னார்டின் கணக்கர்கள் ஏழு ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று எழுதியதைப் போல, அந்தந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் நூலகர்களும் அவர்களிடம் கேட்டு, ஊருக்கு ஒரு கட்டுரையாகவேனும் எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஐப்பசிக்கு முன் தொடங்கினால், ஏரிகள் நிரம்பும் நாளில் அவர்களோடு கலங்கல் வரை நடந்து சென்றே கேட்கலாம்.